பிணம் பேசிவிட்டது, இனி என்ன?

வணக்கம் சார்,

நானும் ஐந்து நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை ஆட்டம். ஐந்தாம் பதிப்பு, 2014 ரூல் புத்தகம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்தும் நடுவர். எல்லோருடைய கேரக்டரும் ஏழாவது லெவலில் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு கொலை மர்மம் தயார் செய்தேன். பெரிய வணிகன் ஒருவன் கொல்லப்பட்டிருக்கிறான். நான்கு சாட்சிகள், ஒரு போலி உயில். பிறகு குடும்பக் கல்லறைக்கு அடியில் மூன்று அறைகள். கடைசி அறையில் கல் கதவு மேலிருந்து இறங்கி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நிரம்பும். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) வேடம் ஆடும் நண்பர் பிணத்தோடு பேசும் ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, போட்டு, "உன்னைக் கொன்றது யார்?" என்று கேட்டுவிட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நினைவில்லை" என்று பிணத்தைச் சொல்லவைத்தேன். யாரும் சண்டை போடவில்லை, ஆனால் அதோடு எல்லோருக்கும் உற்சாகம் போய்விட்டது. கல்லறையில் பூட்டிய கதவைத் தொடக்கூட இல்லை. கல்லை வனையும் ஸ்டோன் ஷேப் ஸ்பெல்லைப் போட்டுச் சுவரில் வழி செய்து, முதல் இரண்டு அறைகளையும் விட்டுவிட்டுக் கடைசி அறை வாசலுக்குப் போய்விட்டார்கள். அங்கே இறங்கிய கதவுக்கு அடியில் இம்மூவபிள் ராட் என்ற, வைத்த இடத்தில் அசையாமல் நிற்கும் மந்திரக் கோலை நிறுத்திப் பொறியையும் முடித்துவிட்டார்கள்.

இந்த ஸ்பெல்களைத் தடை செய்துவிடலாமா? இல்லை டிசியை, அதாவது வெற்றிக்குப் பகடையில் எட்ட வேண்டிய எண்ணை, ஏற்றலாமா? அடுத்த ஆட்டம் கொலையாளியின் மாளிகையில். யாரும் பார்க்காமல் போன அந்த இரண்டு அறைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தடை வேண்டாம். டிசியையும் ஏற்றாதீர்கள். நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கும் மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். ஒன்றில் உங்கள் தயாரிப்பில் ஓட்டை. இன்னொன்றில் ஆட்டக்காரர்கள் உரிய விலை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பிணத்திலிருந்து தொடங்குவோம். அந்த ஸ்பெல்லை நிதானமாகப் படித்தால் அதில் எத்தனை கடிவாளம் இருக்கிறது என்று தெரியும். பத்து நிமிடம், ஐந்து கேள்வி. பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். உயிரோடிருந்தபோது அறிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். செத்த பிறகு நடந்தது எதுவும் புரியாது, இனி நடக்கப்போவதை ஊகிக்கவும் வராது. பதில் சுருக்கமாகவோ பூடகமாகவோ இருக்கும். கேட்பவரை எதிரி என்று அறிந்தால் உண்மை பேசும் கட்டாயமும் இல்லை. ஒருமுறை பேசவைத்த பிணத்தைப் பத்து நாளைக்கு மறுபடி பேசவைக்க முடியாது.

ஆக, கொன்றவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செத்த ஆளை வைத்து ஏழாவது லெவலில் மர்மம் எழுத முடியாது. கிளெரிக்குக்கு இந்த ஸ்பெல் ஐந்தாவது லெவலிலேயே கிடைத்துவிடுகிறது. செத்தவனுக்கு என்ன தெரியும் என்பதை முதலில் எழுதிவிட்டு மற்றதை அதன்மேல் கட்ட வேண்டும். வணிகன் விஷத்தால் செத்திருந்தால் அவன் சொல்லக்கூடியது, "ஒயின் கசந்தது. ஊற்றிக் கொடுத்தது என் மகள்." இரண்டும் உண்மை. மகள் குற்றவாளி இல்லை என்பது அவனுக்கே தெரியாது. இப்போது அந்த ஸ்பெல் உங்கள் கதையை முடிக்கவில்லை, ஆட்களை மகளின் அறைக்கு அனுப்புகிறது. கிளெரிக் ஆடியவருக்கும் தன் ஸ்லாட் (ஸ்பெல் போடும் வாய்ப்பு, ஓய்வெடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும்) வீணாகவில்லை என்ற நிறைவு.

இன்னொன்றும் உண்டு. பிணம் பேசும் உலகத்தில் கொலை செய்பவனுக்கும் அது தெரிந்துதானே இருக்கும்? முகமூடி போடுவான், கூலிக்கு ஆள் வைப்பான், தூக்கத்தில் கொல்வான். துணிந்தவன் தாடையையே அறுத்து எடுத்துப் போவான். தாடை இல்லாத பிணம் ஒரு நல்ல தடயம்: கொன்றவனுக்கு மந்திர ஞானம் இருந்தது, அறுக்க நேரமும் இருந்தது. ஆனால் இதை ஆட்டத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கிளெரிக் ஸ்பெல் பெயரைச் சொன்ன பிறகு, "ஐயோ, தாடையைக் காணவில்லையே" என்று நீங்கள் சொன்னால் எதிரே இருப்பவர்கள் ஒரு நொடியில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். உங்கள் "நினைவில்லை"க்கு நேர்ந்தது அதுதான். அவர்கள் சோர்ந்தது பதில் கிடைக்காததால் அல்ல. தாங்கள் யோசித்துச் செய்வது இங்கே எடுபடாது என்று அந்த ஒரு சொல்லில் புரிந்துகொண்டார்கள்.

அதைச் சரிசெய்ய இரண்டு வழி. நினைவை மாற்றும் ஸ்பெல் ஒன்று இருக்கிறது, ஐந்தாம் நிலை (ஸ்பெல்லின் நிலை வேறு, கேரக்டரின் லெவல் வேறு). போட்ட நேரத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் நடந்த ஒரு சம்பவத்தில், பத்து நிமிடம் வரையிலான நினைவை அது அழிக்கும் அல்லது திருத்தும். கொலையாளி ஒன்பதாவது லெவல் விசர்டோ (மந்திரவாதி) பார்டோ (மந்திரம் தெரிந்த பாணன்) என்று நீங்கள் ஏற்கெனவே எழுதியிருந்தால் "நினைவில்லை" என்பதே பெரிய தடயமாகிவிடும். எழுதியிருக்கவில்லையென்றால் இப்போது அவனுக்கு மந்திரம் கற்றுக்கொடுக்காதீர்கள். அடுத்த ஞாயிறு உட்கார்ந்ததும், "போன தடவை நான் கொடுத்த பதில் நியாயமில்லை. பிணம் சொன்னது இது, இன்னும் நான்கு கேள்வி பாக்கி" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது சுவர். ஸ்டோன் ஷேப் நான்காம் நிலை ஸ்பெல். ஏழாவது லெவல் கிளெரிக்கிடம் நான்காம் நிலை ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைச் செலவழித்துத்தான் அவர் உள்ளே போயிருக்கிறார். இனி எட்டு மணி நேரம் முழு ஓய்வு எடுக்கும்வரை யாரையும் வேறு உலகத்துக்கு விரட்ட முடியாது, சாவிலிருந்து காக்கும் டெத் வார்டும் கிடையாது. இது ஏமாற்றே இல்லை, வியாபாரம். உங்கள் தரப்பில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த விலை அவருக்கு எப்போதாவது உறைத்ததா? கல்லறையை விட்டு வெளியே வந்து எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கிவிட்டால் ஸ்லாட் இலவசம்தான். கதவை இன்னும் கெட்டியாக்குவதைவிட, அவர்கள் தூங்கும் எட்டு மணி நேரத்தில் கொலையாளி என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று எழுதிவைப்பது பயன் தரும். உயிலைப் பதிவு செய்கிறான், சாட்சி ஒருவனை ஊரைவிட்டு அனுப்புகிறான், இப்படி ஏதாவது.

அந்த ஸ்பெல்லுக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எந்தப் பக்கமும் ஐந்து அடிக்கு மேல் போகாத கல்லைத்தான் அது வனையும், ஆகவே ஐந்து அடிக்கு மேல் தடித்த சுவரை ஒரே தடவையில் துளைக்காது. உங்கள் வரைபடத்தில் சுவரின் தடிமன் இருந்ததா? பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள், சில இடங்களில் மூன்று அடி, சில இடங்களில் எட்டு. ஆனால் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு உங்கள் உலகத்தில் எல்லாச் சுவரும் ஒரே இரவில் ஆறு அடியாகிவிட்டால் அது தடைக்கு இன்னொரு பெயர்தான்.

மூன்றாவது, ராட். பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும் இரும்புக் கோல். புத்தகக் கணக்குப்படி 8,000 பவுண்டு தாங்கும், நம் கணக்கில் சுமார் 3,630 கிலோ. அதற்கு மேல் போனால் பிடி விட்டுக் கீழே விழும். உங்கள் கதவு கிரானைட் என்று வைத்துக்கொள்வோம், கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ. அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் இரண்டரை, கனம் 30 சென்டிமீட்டர் என்றால் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேலே, ராட் தாங்கும். கனம் 40 சென்டிமீட்டர் என்றால் நான்கு டன் தாண்டுகிறது, தாங்காது. பத்து சென்டிமீட்டரில் முடிவு மாறுகிறது. இதையும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். எழுதாதபோது? ஆட்டக்காரர்கள் பக்கமே தீர்ப்பளியுங்கள். உங்களுக்குத் தெரியாத எடைக்கு அவர்களைத் தண்டிக்க முடியாது.

பொறி "முடிந்தது" என்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 20க்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 4,000 கன அடி, அதாவது சுமார் 1,13,000 லிட்டர். கதவு பாதியில் நின்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? நடைபாதை வழியாக, கிளெரிக் செய்த ஓட்டை வழியாக, நீங்கள் எழுதியும் யாரும் பார்க்காத அந்த இரண்டு அறைகளுக்குள். அங்கே இருந்த ஜந்துக்கள் மிதந்து வெளியே வரும். சடலப் பெட்டிகள் அடித்துக்கொண்டு போகும். ராடையும் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும், எடுத்தால் கதவு விழும். ஆட்டக்காரர்களின் தீர்வு வெற்றிதான், அதைத் திருப்பிப் பிடுங்கக் கூடாது. ஆனால் அந்த வெற்றியால் உலகத்தில் என்னென்ன நகர்கிறது என்று கேட்டுப் பார்த்தால் உங்களுக்கு ஆட்டம் வற்றாது.

இந்த ஆட்டத்தில் நடுவர் என்று ஓர் ஆள் இருப்பதே இதற்காகத்தான். 1824இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் அறிமுகம் செய்த கிரீக்ஷ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் அட்டவணையும் பகடையும் நிறைய. 1876இல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அந்த அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். அதிகாரிகள் போர்க்களத்தில் செய்யக்கூடியதையெல்லாம் எந்த அட்டவணையாலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தை நடத்தினார். நெப்போலியன் காலப் போர் ஆட்டம், ஆனால் ஊர்க்காரர்களுக்கும் ஆளுக்கொரு வேடம். போர் தொடங்குவதற்குள் ஆளாளுக்கு ஒரு மூலைக்குப் போய்ப் பேரமும் சூழ்ச்சியும் சண்டையுமாகிவிட்டது. வெஸ்லி அதைத் தோல்வி என்றே நினைத்தார். ஆடியவர்கள் இன்னொரு முறை வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்ன்சன்தான் பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார். திட்டம் கைமீறிப் போனதில் பிறந்த ஆட்டம் இது.

கைகாக்ஸுக்கும் உங்கள் நிலைமை வந்ததுண்டு. பொறிகளாலேயே ஆட்களைக் கொல்வதற்கென்று அவர் கட்டிய கல்லறை ஒன்று 1975இல் போட்டியில் ஆடப்பட்டது. அவருடைய சகா ராப் கன்ட்ஸ், ரோபிலார் என்ற தன் கேரக்டரோடு அதற்குள் போனபோது ஓர்க் அடியாட்களை முன்னால் நடக்கவிட்டார். பொறிகளை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் சண்டையே போடாமல் புதையலைப் பைக்குள் அள்ளிக்கொண்டு நடையைக் கட்டினார். தர்மம் அதர்மம் வேறு விஷயம், ஆட்டம் என்ற அளவில் செல்லுபடியானது.

இனி, மேசையில் எதிர்பாராதது வரும்போது என்ன செய்வது. முதலில், "இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். திகைப்புகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். நீங்கள் சொன்ன அறையை அவர்கள் வேறு மாதிரி மனத்தில் கட்டியிருப்பார்கள். நீங்கள் எண்பது அடிப் பள்ளம் என்று நினைக்க, அவர்கள் எட்டடி என்று நினைத்துக் குதிக்கப் போவார்கள். பத்து அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடைச் சேதம் என்பதால் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. பிறகு ஸ்பெல்லின் வாசகத்தை ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தூரம், அளவு, நேரம், கவனக்குவிப்பு வேண்டுமா, எல்லாம் அதில் இருக்கும். படிக்கும் அந்த அரை நிமிடம் நீங்கள் யோசிக்கவும் உதவும்.

அதன் பிறகு தீர்ப்பு. நிச்சயம் நடக்கும் என்றால் பகடையே வேண்டாம், கொடுத்துவிடுங்கள். நடக்கவே நடக்காது என்றால் ஸ்லாட்டைச் செலவழிக்கும் முன் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒரு டிசி: சுலபத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. பகடையை உருட்டும் முன் டிசியையும் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். பின்வாங்க விரும்பினால் பின்வாங்கட்டும்.

இங்கே நல்ல கேம் மாஸ்டர்களும் தவறுவது ஒரு கணக்கில். விநோதமான யோசனை வந்ததும், "சரி, ஏற ஒரு செக், கயிற்றைக் கட்ட ஒரு செக், குதிக்க ஒரு செக்" என்று அடுக்கிவிடுகிறார்கள். செக் என்றால் இருபதுமுகப் பகடையை உருட்டி, கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்டி, டிசியை எட்டுவது. திறமை எண் +5 உள்ளவருக்கு டிசி 15 என்பது நூற்றுக்கு 55 வாய்ப்பு. இரண்டு செக் என்றால் 30. மூன்று என்றால் 17க்கும் கீழே. வாயால் சரி என்று சொல்லிவிட்டுப் பகடையால் இல்லை என்று சொல்வது இது. செய்பவருக்கே தெரியாமல் நடக்கும். ஒரு யோசனைக்கு ஒரு செக். சூழலைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியிருந்தால் அட்வான்டேஜ் கொடுங்கள். இரண்டு பகடையில் பெரியதை எடுத்தால் அதே 55 கிட்டத்தட்ட 80 ஆகும்.

சரவிளக்கை அறுத்து எதிரி தலையில் போடுகிறார்களா? சேதம் எவ்வளவு என்று தடுமாற வேண்டாம். புத்தகத்திலேயே அளவுகோல் உண்டு: புத்தக அலமாரி சாய்ந்து விழுவது ஒரு பத்துமுகப் பகடை, மின்னல் தாக்குவது இரண்டு, இடிந்து விழும் சுரங்கத்தின் கற்கள் நான்கு. சரவிளக்கு அலமாரிக்கு அருகில், பெரிதானால் இரண்டு. கத்திக்குத்துக்கும் குறைவாகக் கொடுத்தால் அடுத்த முறை யாரும் சரவிளக்கை நிமிர்ந்தே பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் குடியானவர்களை இரண்டு மைல் வரிசையில் நிறுத்தி, ஆறு விநாடிச் சுற்றுக்குள் ஈட்டியைக் கைமாற்றி, கடைசி ஆள் பீரங்கிக் குண்டின் வேகத்தில் எறிவான் என்ற பிரபலமான வாதம் உண்டு. கைமாற்றும்போது ரூலைப் பிடித்துக்கொள்கிறது, எறியும்போது இயற்பியலுக்குத் தாவுகிறது. ரூல்படி போனால் கடைசியில் அது சாதாரண ஈட்டி, ஒரு ஆறுமுகப் பகடைச் சேதம். இயற்பியல்படி போனால் ஆறு விநாடியில் ஈட்டி நூறு பேரைக்கூடத் தாண்டாது. இந்த மாதிரி வாதத்தை மறுக்க 2024 கேம் மாஸ்டர் புத்தகத்தில் ரூல்கள் இயற்பியல் அல்ல என்றே எழுதிவிட்டார்கள். எதிரியின் நுரையீரலில் பத்து கேலன் தண்ணீரை உண்டாக்குவதும் இதே ரகம். அந்த ஸ்பெல் கேட்பது திறந்த பாத்திரம், நுரையீரல் அப்படி அல்ல. கொடுத்த தீர்ப்பை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் ஓர் எதிரி அதே வித்தையைச் செய்தால் அதே தீர்ப்பு அவனுக்கும்.

மாளிகைக்கு வருவோம். "இந்தக் கதவை இப்படித் திறப்பார்கள்" என்ற வகைக் குறிப்பு ஒன்றுகூட வேண்டாம். அறைகள், சுவர்த் தடிமன், யார் எங்கே எப்போது இருப்பார்கள், கொலையாளிக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் இன்றிரவு என்ன செய்வான், இவ்வளவு போதும். பக்கத்தில் இன்னொரு தாளில் ஐந்து கேரக்டர்களின் ஸ்பெல்களையும் மந்திரப் பொருள்களையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மாளிகையில் அதனால் எது தெரியும், எது திறக்கும் என்று ஒரு வரி. டைமென்ஷன் டோர் 500 அடி தாவும், ஆக மதில் ஒரு பொருட்டே இல்லை, காவலை மதிலில் வைக்காதீர்கள். ஆர்கேன் ஐ ஒரு மணி நேரம் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டைச் சுற்றிவரும், ஆக வரைபடம் அவர்கள் கையில் இருக்கும் என்று வைத்தே எழுதுங்கள். உண்மை பேசவைக்கும் ஸ்பெல்லின் வட்டத்துக்குள் நின்று அதன் பிடியில் சிக்கியவன் பொய் சொல்ல முடியாதே தவிர, மழுப்பலாம், மௌனமாக இருக்கலாம். பணக்காரன் வீடு என்பதால் இரும்புப் பெட்டிக்கு உள்பக்கம் ஈயத் தகடு அடித்திருப்பான். பொருளைத் தேடும் ஸ்பெல்லும் மந்திரத்தை உணரும் ஸ்பெல்லும் ஈயத்தைத் தாண்டாது. இப்போது எழுதினால் இது நியாயமான முன்னெச்சரிக்கை.

முதல் அரை மணியிலேயே அவனைப் பிடித்துவிட்டால் என்ன என்பதற்கும் அரைப் பக்கம் வேண்டும். போலி உயிலை எழுதிக் கொடுத்தவன் யார், நீதிபதிக்குப் பணம் போயிருக்கிறதா, மகள் யார் பக்கம்? சண்டையில் அவன் செத்தாலும் விடமாட்டார்கள், ஐந்து கேள்வி அவனுக்கும் உண்டு. அவர்களை எதிரியாக அறிந்தவன், பொய் சொல்லலாம். என்ன பொய் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாரும் பார்க்காத அந்த இரண்டு அறைகளை எறிய வேண்டாம். தண்ணீர் ஏறாத நகல் உங்கள் கோப்பில் இருக்கிறதே. ஜந்துக்களை மாற்றி, கல்லை மரமாக்கி, நான்கைந்து மாதம் கழித்து வேறு ஊரில் ஒரு கப்பலின் அடித்தளமாகவோ பழைய மதுக்கிடங்காகவோ வையுங்கள். மாளிகையின் அடியில் மட்டும் வைக்காதீர்கள். போன தடவை சுற்றிப்போன அறைகள் இந்தத் தடவை வழியில் வந்து நின்றால், சுவரைத் துளைத்தவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அன்புடன்.